கல்லும் பட்டியும்

"ஓடுனா எனக்கு எப்படிப்பா காசு வரும்?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர்கள் நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. இறந்துபோனவர் குடும்பத்துக்கு உதவ வேண்டுமென்றால் ஒரு கவரில் பணத்தைப் போட்டுக் கொடுப்பார்கள், அது தெரியும். இருநூறு பேர் விடிகாலையில் எழுந்து ஐந்து கிலோமீட்டர் ஓடினால் அதற்கும் தன் வீட்டு அரிசிக்கும் என்ன சம்பந்தம்? அப்போது நான் ஏதோ பதில் சொல்லிச் சமாளித்தேன். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

நாங்கள் ஜொகூர் பாருவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓடும் ஒரு சின்னக் கூட்டம். நாற்பது பேர் சொச்சம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் உண்டு, பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் உண்டு, என்னைப்போல ஸ்கூடாயில் படித்து முடித்துவிட்டு அந்த வட்டாரத்தையே சுற்றிக்கொண்டிருக்கும் இன்ஜினியர்கள் உண்டு. பாதிப் பேர் தினமும் காலை நாலரை மணிக்கு மோட்டர் சைக்கிளில் காஸ்வேயைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். அண்ணன் அந்த நாலரை மணிக் கூட்டத்தைச் சேர்ந்தவர். வெல்டர். வயது 46. ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் ஓட்டம். ஹூத்தான் பண்டார் மேட்டில் புதிதாக வந்தவர்கள் மூச்சு வாங்கி நின்றால் அவரும் நின்றுவிடுவார். "மெதுவா வாங்க, மேடு எங்கயும் போயிடாது" என்பார். எங்களில் பாதிப் பேர் அந்த ஒரு வாக்கியத்தால் ஓட்டக்காரர் ஆனவர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் கணக்கு தெரிந்தது. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் மலேசியருக்கு அந்த நாட்டின் சிபிஎஃப் சேமிப்பு கிடையாது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலையால் வரும் விபத்துக்கு நஷ்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டுப் படுக்கையில் நின்றுபோன இதயம் அதில் சேராது. இந்தப் பக்கமே சம்பளம் வாங்கியிருந்தால் இபிஎஃப் சேர்ந்திருக்கும், தகுதிக் காலம் நிரம்பியிருந்தால் பெர்கேசோவின் வாரிசு ஓய்வூதியம்கூட வந்திருக்கும். அண்ணன் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தப் பக்கம் உழைத்தார். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள பாலம் அது. அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு குடும்பம் விழுந்துவிட முடியும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

எல்லோரும் சேர்ந்து நிதி திரட்டும் ஓட்டம் ஒன்று நடத்துவது என்று முடிவானது. மாமாக் கடையில் முதல் கூட்டம். தே தாரே வருவதற்குள்ளேயே சட்டை டிசைன் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் முகம் முன்னால் வேண்டுமா, பின்னால் வேண்டுமா? பதக்கம் வட்டமா, மலேசிய வரைபட வடிவமா? எனக்கு எக்செல்லைத் திறக்கும் வியாதி உண்டு. கட்டணம் 50 வெள்ளி என்று வைத்தோம். சட்டைக்கு 18, பதக்கத்துக்கு 9, தண்ணீர், வாழைப்பழம், ஆம்புலன்ஸ், எண் அட்டை எல்லாம் சேர்த்து 8. மீதி 15. இருநூறு பேர் வந்தால் வசூல் பத்தாயிரம் வெள்ளி. அக்கா கைக்குப் போவது மூவாயிரம்.

"அப்ப நம்ம ஓடுறது அக்காவுக்கா, சட்டை அடிக்கிறவருக்கா?" என்று ஒருவர் கேட்டார். மேசையில் சத்தம் அடங்கியது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அன்று இரவு, இதற்கு முன்னால் உலகத்தில் யார் யார் இப்படி ஓடியிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். நல்லெண்ணம் என்று சொல்லமாட்டேன். அடுத்த கூட்டத்தில் விவாதத்தில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். தேடத் தேட, அது வேறு எங்கோ கொண்டுபோய் விட்டது.

*

1912-ஆம் ஆண்டு ஜூலை 14. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான். போர்ச்சுகல் கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. லிஸ்பனைச் சேர்ந்த தச்சுத் தொழிலாளி ஒருவர் அந்த நாட்டுக்காக ஓடினார். பெயர் பிரான்சிஸ்கோ லாசரோ. முறையான பயிற்சியாளர் கிடையாது. வேலை முடிந்த நேரத்தில் ஓடிப் பழகியவர். கடும் வெயில் நாள். வெயில் சுடாமல் இருக்க உடம்பில் கொழுப்பு பூசிக்கொண்டு ஓடினார் என்பது பதிவாகியிருக்கிறது. பூச்சு தோலை அடைத்தது, வியர்வை வெளியேறவில்லை. ஏறத்தாழ 30-ஆவது கிலோமீட்டரில் சுருண்டு விழுந்தார். மறுநாள் காலையில் உயிர் போனது. நவீன ஒலிம்பிக் போட்டியில் ஓடி இறந்த முதல் மனிதர் அவர்.

அன்று புறப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் எல்லையைத் தொட்டார்கள். ஜப்பானின் ஷிசோ கனகுரியும் வெயில் தாங்காமல் வழியில் நின்றுவிட்டார். 1967-இல் அவரை மறுபடி அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் சொன்னார்கள். 54 ஆண்டுகளுக்கு மேல் ஆன மாரத்தான் என்று அந்தக் கதையை எல்லா விளையாட்டுப் பக்கங்களிலும் சிரித்தபடி எழுதுவார்கள். லாசரோவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நான் தேடிய விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. லாசரோ இறந்து சில நாட்களில் அதே அரங்கத்தில் ஒரு நினைவு நிகழ்ச்சி வைத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சுமார் 14,000 குரோனர் திரண்டது. அது லாசரோவின் குடும்பத்துக்குப் போனது. தலைக்கு ஒரு குரோனருக்கும் குறைவுதான். ஆனால் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். சொந்தக்காரர் இல்லை, ஊர்க்காரர் இல்லை, மொழி தெரிந்தவர் இல்லை. தங்கள் ஊர் வெயிலில் ஓடி விழுந்த ஓர் அந்நியத் தச்சருக்காக ஒரு நகரம் சில்லறை போட்டது.

லிஸ்பனில் இன்று லாசரோ பெயரில் தெரு இருக்கிறது, ஒரு விளையாட்டு அரங்கமும் இருக்கிறது. இரண்டிலும் அவர் பெயர் மட்டும்தான். பெயர்ப்பலகையில் மனைவிக்கு இடமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெயர்ப்பலகைகள் அப்படித்தான். ஆனால் ஒரு ஓட்டக்காரர் இறந்தால் இரண்டு வேலைகள் மிச்சம் இருக்கின்றன, ஒன்று பெயரைக் காப்பது, இன்னொன்று வீட்டைக் காப்பது என்று எனக்கு முதலில் தோன்றியது இங்கேதான்.

*

இறந்தவருக்காக ஓடுவது லாசரோவுக்கு மிக முந்தைய பழக்கம். ஹோமரின் இலியட்டில் இருபத்துமூன்றாம் பகுதியில் பெரும்பாலும் பட்ரோக்ளஸ் என்ற வீரனின் ஈமச் சடங்கு விளையாட்டுகள்தான். அதில் ஓட்டப்பந்தயமும் உண்டு. நண்பனை இழந்த அக்கிலீஸ் தன் கப்பல்களிலிருந்து பரிசுகளை எடுத்து வைக்கிறான். முதல் பரிசு வெள்ளிப் பாத்திரம், இரண்டாவது கொழுத்த காளை, மூன்றாவது அரைத் தாலந்து தங்கம்.

இதில் பணம் போகும் திசையைக் கவனியுங்கள். துக்கப்படுகிறவன் கொடுக்கிறான், ஓடுகிறவன் வாங்கிக்கொண்டு போகிறான். நம்முடைய காலத்தில் இந்தத் திசை தலைகீழாகிவிட்டது. ஓடுகிறவன் கட்டணம் கட்டுகிறான், துக்க வீட்டுக்குப் போகிறது. அப்படித்தான் போக வேண்டும். ஆனால் 50 வெள்ளியில் 35 வெள்ளி சட்டையாகவும் பதக்கமாகவும் ஓடுகிறவனிடமே திரும்பிவிட்டால், நாம் இன்னும் அக்கிலீஸ் காலத்திலேயே இருக்கிறோம் என்று அர்த்தம். துக்க வீட்டின் பெயரைச் சொல்லி நமக்கு நாமே பரிசு கொடுத்துக்கொள்கிறோம்.

தமிழில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது என்று பார்த்தபோது நடுகல் வந்தது. நான் தொல்லியல் படித்தவன் இல்லை, கான்கிரீட் கலவை விகிதம் தெரிந்தவன். ஆனால் நடுகல் நம் எல்லோருக்கும் பள்ளிப் பாடத்திலிருந்தே தெரியும். ஆநிரை கவரவோ மீட்கவோ போய் இறந்த வீரனுக்கு ஊரார் கல் நடுவார்கள். தொல்காப்பியம் இதை, கல்லைத் தேடுவதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு நிலைகளாகச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் கூட்டமாகக் கிடைத்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் அவற்றை 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே வெளியிட்டது.

எனக்குத் தெரியாமல் இருந்தது இன்னொரு சொல். உதிரப்பட்டி. போரிலோ ஊரைக் காக்கும்போதோ இறந்தவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலம். நெய்த்தோர்பட்டி என்றும் கல்வெட்டுகளில் வரும். நெய்த்தோர் என்றாலும் இரத்தம்தான். பிற்காலத்தில் இரத்தக்காணிக்கை என்றார்கள். கன்னடக் கல்வெட்டுகளிலும் இதே பொருளில் நெத்தரு கொடுகெ என்ற சொல் இருக்கிறது. அதாவது இது ஏதோ ஒரு மன்னனுக்கு ஒரு நாள் வந்த இரக்கம் இல்லை. பெயர் வைத்து, எல்லை குறித்து, பல நூற்றாண்டுகள் தென்னகம் முழுவதும் இருந்த ஏற்பாடு.

கல் இறந்தவனுக்கு, பட்டி இருப்பவர்களுக்கு. கல்லை ஒரே நாளில் நட்டுவிடலாம். பட்டி வருடா வருடம் விளைய வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நம் முன்னோர்களின் அஞ்சலி. எங்களுடைய மாமாக் கடைக் கூட்டத்தில் நாங்கள் ஒன்றரை மணி நேரம் பேசியது முழுக்க கல்லைப் பற்றி. சட்டை, பதக்கம், முகம். பட்டியைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

*

கல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஓர் உதாரணம் இருக்கிறது. தமிழர்களுக்கு மிகவும் பழக்கமான மண் அது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனில் கரை சேர்ந்தது. நம்மவர்கள் அங்கே கரும்புக்குப் போனார்கள், இங்கே ரப்பருக்கு வந்தார்கள்.

அந்த டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்துக்கு ஓடும் 'காம்ரேட்ஸ் மாரத்தான்' 1921-இல் தொடங்கியது. தொடங்கியவர் விக் கிளாப்ஹாம் என்ற ரயில் ஓட்டுநர். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் போரிட்டுத் திரும்பியவர். உடன் நடந்து செத்தவர்களுக்குச் சிலை வேண்டாம், அவர்கள் பட்ட சிரமத்தை உடம்பால் நினைவுகூரும் ஓட்டம் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முன்னாள் வீரர்களின் நலனுக்காக இயங்கிய சங்கம் பல முறை மறுத்தது. கடைசியில் ஒரு பவுண்டு கடன் கொடுத்து அனுமதித்தது. 1921 மே 24 அன்று 34 பேர் புறப்பட்டார்கள், 16 பேர் முடித்தார்கள்.

இன்று உலகின் மிகப் பழைய, மிகப் பெரிய நெடுந்தூர ஓட்டங்களில் ஒன்று அது. ஆனால் நினைவுக்காகத் தொடங்கிய அந்த ஓட்டத்தில் 1975 வரை கறுப்பர்களும் இந்தியர்களும் பெண்களும் முறைப்படி ஓட முடியாது. 1935-இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பர் ஓடி முடித்தார். அதிகாரப்பூர்வ முடிவுகளில் அவர் இடம்பெறவில்லை. பாதையோரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த நம் ஆட்கள் அரை நூற்றாண்டு அந்த ஓட்டத்துக்கு வெளியேதான் இருந்தார்கள். யாருடைய இறப்பு நினைவுகூரத்தக்கது, யார் நினைவுகூரத் தகுதியானவர் என்று ஒரு ஓட்டம் தீர்மானிக்க முடியும். தொடக்கக் கோட்டில் போடும் கயிறு அந்த அளவுக்கு அரசியல்.

இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் ஊரிலும் நடந்திருக்கிறது.

*

கூட்டமாக ஓடும் பழக்கத்துக்கு மலாயா உலகத்துக்கே ஒரு மாதிரி கொடுத்திருக்கிறது. 1938 டிசம்பரில் கோலாலம்பூரில் ஆங்கிலேயர்கள் சிலர் சேர்ந்து 'ஹாஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்' என்ற ஓட்டக் குழுவைத் தொடங்கினார்கள். ஒருவர் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே முன்னால் ஓடுவார். மற்றவர்கள் தடம் பிடித்துப் பின்னால் ஓடுவார்கள். கடைசியில் பீர். அவர்கள் சாப்பிட்ட விடுதியின் சுமாரான சாப்பாட்டுக்கு வைத்த பட்டப்பெயர்தான் ஹாஷ் ஹவுஸ். இன்று உலகம் முழுக்க சுமார் 2,000 குழுக்கள் அந்தப் பெயரில் ஓடுகின்றன.

தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஏ. எஸ். கிஸ்பர்ட், ஒரு கணக்காளர். 1942 பிப்ரவரி 11 அன்று சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் ஜப்பானியர்களுடன் நடந்த சண்டையில் இறந்தார். போர் முடிந்ததும் நண்பர்கள் குழுவை மீண்டும் தொடங்கினார்கள். போரில் தொலைந்துபோன எனாமல் குவளைகளுக்கும் ஒரு தகரத் தொட்டிக்கும் நஷ்டஈடு கேட்டு வாங்கியதாக அந்தக் குழுவின் சொந்த வரலாறு வேடிக்கையாகச் சொல்கிறது. கிஸ்பர்ட்டின் பெயரை இன்றும் ஹாஷ் ஓட்டக்காரர்கள் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

அதே மலாயாவில், அதே ஆண்டுகளில், தோட்டத்து லயங்களில் என்ன நடந்தது? விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்துக்கு ஓடுவதுதான் நம் தாத்தாக்களின் ஓட்டம். தாமதமானால் அன்றைக்குப் பேர் போடமாட்டார்கள். 1942, 43-இல் ஜப்பானியர்கள் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை சயாம்–பர்மா ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பெரும்பகுதியினர் அங்கேயே புதைந்தார்கள். ஜொகூர் தோட்டங்களிலிருந்தும் போனார்கள். என் அம்மாயி ஊர் ரெங்கம் பக்கம். "சயாமுக்குப் போனவங்க" என்று அவர் சொல்லும் விதத்தில், பயணம் போனவர்களைப் பற்றிப் பேசுவதாகவே சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

அவர்களுக்குக் கல்லும் இல்லை, பட்டியும் இல்லை. ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்துத்தான், மலேசியாவிலும் தாய்லாந்திலும் உள்ள தமிழர்களின் முயற்சியாலும் தமிழ்நாடு அரசின் நிதி உதவியாலும், தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுந்தது. நடுகல் என்றே அதற்குப் பெயர். கல் வந்துவிட்டது. பட்டி வாங்கிக்கொள்ள வேண்டிய பெண்கள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் தோட்டத்து மக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1950-களில் சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைச் சேர்த்தார். பால்மரம் சீவியவர்கள் பத்து பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதில் முதலாவது.

எனக்கு இது சும்மா பாடப்புத்தகச் செய்தியாகத்தான் இருந்தது. அன்று இரவு எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தபோது வேறு மாதிரி தெரிந்தது. பெரிய ஆட்களிடம் பெரிய நன்கொடை கேட்கவில்லை. சின்னத் தொகை, நிறைய கைகள், நீண்ட காலம். உதிரப்பட்டியை உருவாக்க மன்னன் தேவையில்லை என்று ரப்பர் தோட்டத்துக்காரர்கள் காட்டிவிட்டார்கள்.

*

கடைசியாக டெரி பாக்ஸ். ஓட்டக்காரர்களில் இந்தப் பெயர் தெரியாதவர் குறைவு. கனடா இளைஞர். 18 வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்காக ஓடிக் கடக்கக் கிளம்பினார், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட. 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர். நுரையீரலுக்கு நோய் பரவியதால் நின்றார். 1981 ஜூன் 28 அன்று, 22 வயதில் இறந்தார். அதே செப்டம்பரில் நடந்த முதல் நினைவு ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். கோலாலம்பூரிலும் சென்னை ஐஐடி வளாகத்திலும்கூட அந்த ஓட்டம் நடந்திருக்கிறது. இதுவரை திரண்ட தொகை 80 கோடி கனடிய டாலருக்கும் மேல்.

இங்கே குடும்பம் பணம் வாங்கவில்லை, காவல் காத்தது. அவர் அம்மா பெட்டி பாக்ஸ் 2011-இல் இறக்கும்வரை அந்த ஓட்டத்தின் குணம் மாறாமல் பார்த்துக்கொண்டார். வென்றவர், தோற்றவர் கிடையாது. கம்பெனிகள் தங்கள் விளம்பரத்துக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. ஓட முடியாவிட்டால் நடக்கலாம். இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கிறது என்று நினைக்கிறேன். கல்லை நட்டவர்கள் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டதால் அது பட்டியாகவே ஆகிவிட்டது.

*

இரண்டாவது கூட்டத்தில் இதையெல்லாம் நான் சொன்னேன் என்று எழுதினால் அது பொய். ஹோமர், பல்லவர் என்று மாமாக் கடையில் ஆரம்பித்தால் எழுந்து போயிருப்பார்கள். எக்செல் தாளை மட்டும் காட்டினேன். சட்டை இல்லை, பதக்கம் இல்லை, கட்டணம் 30 வெள்ளி, செலவு 8, மீதி 22 வீட்டுக்கு.

எங்களில் மூத்தவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், மாஸ்டர் என்போம், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, உன் கணக்கு சரி. ஆனா அந்தப் பையன் கையில கொடுக்க ஏதாவது வேணும்ல? அப்பாவை இத்தன பேருக்குத் தெரியும்னு அவன் எப்படித் தெரிஞ்சுக்குவான்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கல் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் போயிருந்தேன். அவர்தான் என்னைத் திருப்பிக் கொண்டுவந்தார். கல்லும் வேண்டும். விலை குறைந்த கல்லாக இருந்தால் போதும்.

எங்களோடு ஓடும் ஒருவர் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஒரு பழைய பலகையில் அண்ணன் பெயரையும் மேடு பற்றிய அந்த வாக்கியத்தையும் எழுதிக் கொண்டுவந்தார். அனுமதிக் கடிதங்களுக்கு ஆறு வாரம் அலைந்தோம். பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு இந்த நாட்டில் 1947-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 180 பேர் வந்தார்கள். எல்லோரும் வேறு வேறு ஓட்டங்களில் வாங்கிய பழைய சட்டைகளைப் போட்டிருந்தார்கள். ஒரு நிறத்துக்கு இன்னொரு நிறம் பொருந்தவில்லை. பலகையை மேட்டின் பாதியில், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், பெரிய மகள் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போனவர்கள் பலர் அங்கே நின்றுவிட்டுப் போனார்கள். நேரக் கணக்கு வைக்காததால் யாருக்கும் நஷ்டமில்லை.

மொத்தம் 3,960 வெள்ளி. கட்டணத்துக்கு மேல் கொடுத்தவர்களையும் சேர்த்தால் ஐயாயிரத்தைத் தாண்டியது. சின்னவன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஐந்தாம் படிவம் முடிக்க எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. ஐயாயிரம் வெள்ளியை எட்டு ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 52 வெள்ளி வரும். ஒரு நாள் ஓட்டத்தால் முடிகிறது அவ்வளவுதான். ஸ்டாக்ஹோம் அரங்கத்தில் திரண்ட பணமும் ஏதோ ஒரு நாள் தீர்ந்துதான் போயிருக்கும்.

அதனால் இன்னொன்றும் செய்தோம். எங்களுக்குள் மட்டும் 41 பேர். மாதம் பத்து வெள்ளி, முதல் தேதி, நேராக அக்கா வங்கிக் கணக்குக்கு. 410 வெள்ளி. எட்டு ஆண்டு நின்றால் 39,360. ஓட்டத்தில் கிடைத்ததைவிட ஏழு மடங்குக்கும் மேல். யாரும் கைதட்டமாட்டார்கள், படம் எடுக்கமாட்டார்கள். ஒரு தே தாரேவும் இரண்டு ரொட்டி சானாயும் குறையும். வேலை மாறும், கல்யாணம் ஆகும், சிலர் ஊரை விட்டுப் போவார்கள், சிலர் மறந்துபோவார்கள். அதையெல்லாம் கணக்கில் எடுத்து, பாதிதான் நிற்கும் என்று வைத்தாலும் ஓட்டத்தைவிடப் பெரிய தொகை.

இதைச் சொல்ல நானும் மாஸ்டரும் அக்கா வீட்டுக்குப் போனோம். பலகை செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அன்று பதில் தெரியாமல் சமாளித்த கேள்விக்கு இப்போது பதில் இருந்தது. ஓட்டம் ஆட்களைச் சேர்க்கும், சேர்ந்தவர்கள் மாதா மாதம் போடுவார்கள் என்று விளக்கினேன்.

"பத்து வெள்ளியா?" என்றார். "எத்தன மாசத்துக்கு?"

"சின்னவன் ஃபார்ம் ஃபைவ் முடிக்கிற வரைக்கும், அக்கா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வைத்துவிட்டுச் சொன்னார்:

"யாராச்சும் ஒரு மாசம் கட்டலன்னா நீங்க போய்க் கேட்கக் கூடாது. சரியா?"

சரி என்றோம். இந்த மாதம் 39 பேர் போட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை மேட்டில் பார்த்தேன். நான் கேட்கவில்லை.